பக்கம் எண்பத்தேழு பார்க்க

பதினான்கு வருஷம் உட்கார்ந்து நான் ஒரு அகராதி எழுதினேன். சொற்களுக்கு இல்லை, விலங்குகளுக்கு. நாட்டுப்புறக் கதைகளிலும் பழைய பாட்டுகளிலும் எந்த விலங்கு எதற்கு அடையாளமாக வருகிறது என்று முந்நூற்றுப் பன்னிரண்டு தலைப்புகளில் சொல்லும் புத்தகம். நரி என்றால் தந்திரம் என்று எல்லாருக்கும் தெரியும். நரி ஏமாந்துபோகிற கதைகள் மட்டும் நாற்பத்தொன்று இருக்கின்றன என்பது எனக்குத்தான் தெரியும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றோடு அவர்களிடம் பேச்சை நிறுத்தியிருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஆனால் பேச்சை நிறுத்தியது நான் இல்லை, என் அண்ணன். கூடப்பிறந்த ஒரே அண்ணன் என்னோடு பேசாமல் ஐந்து மாதம் இருந்தான். அதற்குக் காரணமும் இந்த அகராதிதான். யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் நானே என் கையால் எழுதி, நானே பிழை திருத்தி, நானே மைக்கில் படித்த ஒரு வரி.

அண்ணனுக்கு வீடு மாற்றிக் கொடுக்கும் வேலை. ஒரு வீட்டில் இருக்கும் பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் கம்பளி சுற்றிக் கட்டி, படி இறக்கி, லாரியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் படி ஏற்றி வைக்க வேண்டும். முப்பத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறான். அப்பா போனபோது எனக்கு எட்டு வயசு, அவனுக்குப் பதினாறு. ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கூடப் பையை என் கையில் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினான். நான் கல்லூரிக்குப் போனேன், மேலே படித்தேன், பேருக்குப் பின்னால் இரண்டு எழுத்து போட்டுக்கொண்டேன். அவன் தோளில் சாமான் தூக்கும் நாடா அழுத்திய தழும்பு மட்டும் வருஷத்துக்கு வருஷம் அகலமாகிக்கொண்டே போனது.

இப்படி ஒரு அண்ணனுக்கு என் புத்தகத்தைச் சமர்ப்பணம் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வேன்? அதுவரை சரி. அதற்கு மேல்தான் என் படிப்பு குறுக்கே வந்தது.

என் அகராதியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி கழுதை. நாலரைப் பக்கம். சிங்கத்துக்குக்கூட மூன்று பக்கம்தான் கொடுத்தேன். கழுதையைப் பற்றி அறுபத்துமூன்று கதைகள் சேர்த்து வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் ஒரு அட்டையில். உலகம் அதை முட்டாள் என்று தள்ளி வைத்திருக்கிறது. உண்மையில் அது பொறுமையின் அடையாளம், தன்னலம் இல்லாமையின் அடையாளம், முணுமுணுக்காமல் பாரம் தாங்கும் பெருந்தன்மையின் அடையாளம் என்று வக்கீல் மாதிரி வாதாடி இருந்தேன். கழுதைக்கு நியாயம் வாங்கிக் கொடுத்த முதல் ஆள் நான்தான் என்று ஒரு நினைப்பு. பொறுமை, தன்னலமின்மை, முணுமுணுக்காமல் தாங்குவது. யாரைச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாதா? புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்படிப் போட்டேன்:

எட்டு வயதிலிருந்து என்னைச் சுமந்த என் கழுதைக்கு, என் அண்ணனுக்கு. (பக்கம் 87 பார்க்க.)

அடைப்புக்குறியைக் கவனிக்க வேண்டும். சமர்ப்பணத்துக்குக் குறுக்குக் குறிப்பு கொடுத்தவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பதிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, இது இருக்கட்டுமா சார் என்று ஃபோனில் இரண்டு தடவை கேட்டார். மனுஷன் நாசூக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். எனக்கு ஏறவில்லை. மனைவியிடம் காட்டவே இல்லை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. ஆச்சரியமாகத்தான் இருந்தது.

வெளியீடு நூலகத்து மாடியில் நடந்தது. நாற்பது நாற்காலி போட்டு, பாதிக்கு மேல் நிரம்பி இருந்தது. அண்ணன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அண்ணியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. அவனோடு வேலை பார்க்கும் லாரி டிரைவரும் வந்திருந்தார். கழுத்து நீளம் என்பதால் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். சொந்தப் பெயர் கம்பெனியிலேயே யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கூட்டம் சிரித்தது. தலைமை தாங்க வந்த பேராசிரியர் கைதட்டினார். நான் பூரித்துப்போனேன். அண்ணனும் சிரித்தான், பார்த்தேன். காகம் தலையைச் சாய்த்தால் என்ன அர்த்தம் என்று இரண்டு பத்தி எழுதத் தெரிந்தவனுக்கு அண்ணன் முகத்தில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது கண்ணில் படவில்லை.

அப்புறம் ஏழு பேர் கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள். ஏழே பேர்தான், ஆனால் எனக்கு அது எழுநூறாகத் தெரிந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தபோது கூடத்தில் இருந்த நாற்காலி எல்லாம் சுவர் ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. சும்மா உட்கார வராது அண்ணனுக்கு. அடுக்கி வைத்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் போய்விட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். உங்களுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா என்று கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிற கேள்விதான், ஆனால் அன்றைக்கு உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

மறுநாளிலிருந்து அண்ணன் ஃபோனை எடுக்கவில்லை. அண்ணிதான் எடுத்தாள். அவர் வேலையில இருக்கார் தம்பி, அவர் குளிக்கிறார் தம்பி, அவர் தூங்கிட்டார் தம்பி. ஒரு மனுஷன் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூங்கிவிட்டால் அதற்கு அர்த்தம் என்ன என்று எனக்கே புரிந்தது.

இந்த இடத்தில் புத்தி உள்ள எவனும் நேரே போய் அண்ணன் காலடியில் உட்கார்ந்திருப்பான். நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? அண்ணன் பக்கம் எண்பத்தேழைப் பார்க்கவில்லை! அதுதான் பிரச்சினை! பார்த்திருந்தால் கழுதை எவ்வளவு உயர்ந்தது என்று தெரிந்திருக்கும் அல்லவா? அந்த நாலரைப் பக்கத்தையும் பெரிய எழுத்தில் நகல் எடுத்தேன். முக்கியமான இடங்களில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டேன். ஒரு உறையில் வைத்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் உள்ளறையில் இருந்தான். செருப்பு வாசலில் கிடந்தது, இருமல் சத்தம் கேட்டது, ஆனால் வெளியில் வரவில்லை. அண்ணி உறையை வாங்கி, நின்றபடியே நாலரைப் பக்கத்தையும் படித்தாள். நான் பரீட்சை எழுதிய பையன் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கழுதையைப் பத்தி ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. இதுல அவர் எங்க இருக்காரு?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன். அடையாளம் என்பது என்னவென்றால், என்று. அண்ணி காபி போடப் போய்விட்டாள். நானும் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிறகு இன்னொரு யோசனை உதித்தது. எனக்கு யோசனைக்கு என்றும் பஞ்சம் இல்லை. விற்காமல் பதிப்பாளரிடம் தேங்கிக் கிடந்த பிரதிகளில் சமர்ப்பணத்தின் மேல் வேறு காகிதம் ஒட்டிவிடலாம். கழுதையை எடுத்துவிட்டு வேறு ஒரு நல்ல விலங்கு. முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கிறதே, ஒன்று கிடைக்காதா? சாப்பாட்டு மேஜையில் அட்டைப் பெட்டிகளைப் பரப்பி உட்கார்ந்தேன். சிங்கம் என்று போடலாம் என்றால், வேட்டைக்குப் பெண்சிங்கம் போகும், ஆண் தூங்கும், அண்ணனுக்குப் பொருந்தாது. யானைக்குப் பழி மறக்காத குணம் உண்டு. இப்போது இருக்கிற நிலைமையில் அதைத் தொடவே கூடாது. நாய் விசுவாசம்தான், ஆனால் நாய் என்று போட்டால் அண்ணன் நேரில் வந்து அடிப்பான். குதிரை என்றால் ஒருவன் மேலே ஏறி உட்கார வேண்டும். எருதுக்கு மூக்கணாங்கயிறு. ஒட்டகத்தை ஏற்கெனவே ஒருத்தர் எடுத்துக்கொண்டுவிட்டார். மூன்று நாள் சாயங்காலம் இதே வேலை. வீட்டில் சாப்பிட மேஜை இல்லாமல் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மூன்றாவது நாள் மனைவி தட்டை வைத்துவிட்டு, அவர் மனுஷனுங்க, என்றாள்.

நான் சொன்னேன், மனிதன் என்ற தலைப்பு என் அகராதியில் இல்லை என்று. சொல்லிவிட்டு அவளையே பார்த்தேன். அவள் எழுந்து கை கழுவப் போனாள். அட்டைகளை எல்லாம் எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயம் வந்தது. அண்ணன் இனிமேல் பேசவே மாட்டானோ என்கிற பயம். அப்பா போன பிறகு எனக்கு அப்பாவும் அவன்தான், அவனும் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை. இதைச் சொல்லக்கூட நான் ஒரு விலங்கைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஐந்தாவது மாதம் வீட்டுச் சொந்தக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அவர் மகன் குடிவரப் போகிறானாம். அதற்கு முன் ஐந்து தடவை வீடு மாறியிருக்கிறோம், ஐந்து தடவையும் அண்ணன்தான் மாற்றிக் கொடுத்தான். புத்தகப் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம், எல்லாத்தையும் படிச்சிட்டீன்னா கீழ போட்டுட்டு வரலாமேடா என்பான். இந்தத் தடவை அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் கம்பெனிக்கு ஃபோன் செய்து, எல்லாரையும் போல முகவரி கொடுத்துப் பதிவு செய்தாள். யாரை அனுப்புவார்களோ அனுப்பட்டும் என்றாள்.

காலை ஏழு மணிக்கு லாரி வந்து நின்றது. ஒட்டகம் கழுத்தை வெளியே நீட்டிச் சிரித்தார். மறுபக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அண்ணன் இறங்கினான். தோளில் நாடா, கையில் அட்டையில் செருகிய படிவம். நேராக என்னிடம் வந்தான்.

"வணக்கம் சார். சாமான் லிஸ்ட் சரியா இருக்கான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

சார்! அதோடு விட்டானா, போடுங்க! என்னைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, கணக்கு வரவில்லை என்று முதுகில் ஒன்று வைத்த அண்ணன் என்னைப் போடுங்க என்கிறான். பதிலுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அண்ணா என்று கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நான், சரிங்க, என்று சொல்லிப் பேனாவை வாங்கினேன். போட்ட கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

காலை முழுக்க இதேதான். என் மனைவியிடம் எப்போதும் போல, ஏம்மா இந்தக் கண்ணாடிக்குப் பழைய துணி ஏதாவது இருக்கா, குடிக்கத் தண்ணி கொடும்மா என்று பேசினான். என் பக்கம் திரும்பினால், சார் கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. சார் அதைத் தொடாதீங்க. நான் போகிற இடமெல்லாம் வழியில்தான் நின்றேன். என் வீட்டில் எனக்கு நிற்க இடம் இல்லை. மனைவி ரகசியமாக, வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம், வந்திருக்காரே, என்றாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைய பொழுதை ஓட்டினேன்.

புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு ஒடுக்கமாக, மாடிக்கு மாடி திரும்பித் திரும்பிப் போகும். மற்றதெல்லாம் ஏறிவிட்டது. கடைசியாகப் புத்தக அலமாரி. கனத்த மரம், ஆள் உயரத்துக்கு மேலே. மேல்முனையை ஒட்டகம் பிடித்திருந்தார், கீழ்முனையை அண்ணன். இந்த வேலையில் கீழே இருப்பவன் மேல்தான் முழுக்கனமும் இறங்கும், அதனால் கீழே இருப்பவன் சொல்வதைத்தான் மேலே இருப்பவன் கேட்க வேண்டும். இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்தபோது தெருவில் யாரோ லாரியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். நிறுத்தாமல் அடித்தார்கள். ஒட்டகம் அலமாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பிடியைத் தாண்டி எகிறி, கீழே ஓடினார்.

நான் ஒரு படி மேலே நின்றுகொண்டிருந்தேன். குனிந்து மேல்முனையைப் பிடித்துக்கொண்டேன்.

சார் விடுங்க, ஒட்டகம் வந்துடுவான், என்றான் அண்ணன் அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. நான் விடவில்லை. விடாததோடு நில்லாமல், எனக்கும் தூக்கத் தெரியும் என்று காட்டுவதற்காக ஒரு இழுப்பு இழுத்தேன். அலமாரி குறுக்கே திரும்பி, ஒரு மூலை சுவரிலும் ஒரு மூலை கைப்பிடியிலும் இறுகிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. என் விரல் நாலும் அடியில் மாட்டிக்கொண்டன. அண்ணன் தோளைக் கொடுத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் நகர்ந்தால் முழுக்கனமும் சரிந்துவிடும். நடுவில் அலமாரி. அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஓட முடியாது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது.

"அண்ணா, சமர்ப்பணத்தை மாத்திடறேன். கழுதையை எடுத்துடறேன். உனக்குப் பிடிச்ச மிருகம் எதுன்னு சொல்லு, அதைப் போடறேன்."

அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கழுதைன்னதுக்கு யாருடா கோவிச்சுக்கிட்டா? ஒட்டகம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்னை எருமைங்கறான்."

டா வந்துவிட்டது. விரல் நசுங்கிக்கொண்டிருக்கிற வலியிலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் என்னண்ணா என்று கேட்டேன்.

"கழுதை யாரு மூட்டையைடா தூக்கும்? அடுத்தவன் மூட்டையை. இறக்கி வெச்சதும் அதுக்கும் மூட்டைக்கும் சம்பந்தம் இல்லை. அந்த வேலையைத்தான் நான் நாள் பூரா செய்யறேன். இன்னைக்கு ஒரு வீட்டு சாமான், நாளைக்கு இன்னொரு வீட்டு சாமான். இறக்கி வெச்சுட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுவேன். உன்னையும் அப்படித்தான் தூக்கினேன்னு அத்தனை பேர் முன்னால மைக்ல சொல்லிட்டியே. நீ எனக்கு மூட்டையா?"

வாயைத் திறந்தேன். அறுபத்துமூன்று அட்டையும் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. உப்பு மூட்டை சுமந்த கழுதை, பஞ்சு மூட்டை சுமந்த கழுதை, ராஜாவின் பெட்டியைச் சுமந்த கழுதை. எல்லா மூட்டையும் அடுத்தவனுடையது. தன் குட்டியைச் சுமந்த கழுதை ஒரு கதையில்கூட இல்லை. முதுகைப் பற்றி எழுதினேன், பொறுமையைப் பற்றி எழுதினேன், பதினான்கு வருஷத்தில் மூட்டை யாருடையது என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் அண்ணன் இல்லை, நான்தான் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். எடுத்துச் சொல்ல மேற்கோள் ஒன்றும் இல்லை. இருந்ததைச் சொன்னேன்.

"நான் மூட்டைன்னுதாண்ணா நினைச்சிட்டிருந்தேன். நீ லாரியில ஏறினதே என்னாலதானே. நான் இல்லேன்னா நீ படிச்சிருப்பே."

கீழே ஹாரன் நின்றுவிட்டது.

"எப்பலேர்ந்துடா இப்படி நினைக்கிற?"

"எட்டு வயசுலேர்ந்து."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அது அவனா நானா என்று தெரியவில்லை. என் கன்னம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளக் கை இல்லை. நான் நாற்பத்துநாலு வயசு ஆள், அகராதி ஆசிரியர், மாடிப்படியில் அலமாரியைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

"லூசுப்பயலே," என்றான் அண்ணன். அவன் குரலும் சரியாக இல்லை. "அழுதுக்கிட்டே தூக்காதடா, கை வழுக்கும்."